பட்டறைக் கதவைத் திறக்க மனம் வராத நாட்கள்

கேள்வி: எனக்கு வயது 57. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, வேலை முடிந்து வரும் மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் வீட்டின் பின்புறக் கொட்டகையில் மரவேலை செய்துவந்தேன். அங்கே ஒரு டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்), ஒரு பிளேனர் (மரத்தை இழைக்கும் இயந்திரம்), ஒரு பேண்ட் சா (பட்டை ரம்பம்) இருக்கின்றன. மூன்றுமே பிறர் பயன்படுத்தியதை வாங்கியவை. என்னைவிடச் சற்றே இளையவை. 14 மாதங்களுக்கு முன் ஒரு நாள் டேபிள் சாவின் மோட்டார் உறுமியதே தவிரச் சுழலவில்லை. அன்று கதவைப் பூட்டியவன் இன்றுவரை திறக்கவில்லை. மகளுக்காகச் செய்துகொண்டிருந்த பெட்டி, பசை பூசி, அது காயும்வரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்ட நிலையில் அப்படியே கிடக்கிறது. அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, எதிலும் பிடிப்பில்லை, சோம்பேறியாகிவிட்டேன். சில நாட்களில், இருந்து என்ன பயன் என்றும் தோன்றுகிறது. பட்டறைக்குள் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மனைவி. ஆர்வம் வந்தால்தானே போக முடியும்? அந்த ஆர்வத்தை எப்படி வரவழைப்பது? இயந்திரங்களை விற்றுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மனநல மருத்துவனாகவும், அடுத்த முறை நெடுங்காலமாக வீட்டில் மரத்தோடு பழகிவருபவனாகவும். மோட்டாரைப் பற்றி எழுதும்போது, அது உறுமியது, ஆனால் சுழலவில்லை என்று கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கிறீர்கள். சோம்பேறி மோட்டார் என்று அதைத் திட்டவில்லை. உங்களைப் பற்றி எழுத வரும்போது மட்டும், தூக்கம் கலைவதையும் பிடிப்பு விட்டுப்போனதையும் சொல்லிவிட்டு, அவற்றுக்குக் காரணம் தேடாமலேயே ‘சோம்பேறியாகிவிட்டேன்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். இயந்திரத்துக்குக் காட்டிய நியாயத்தை உங்களுக்கும் காட்டுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

நீங்கள் விவரித்திருப்பவை மனச்சோர்வு நோயின் அடையாளங்களோடு பொருந்துகின்றன. மனம் வாடியிருப்பது, முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டம் அற்றுப்போவது ஆகிய இரண்டில் ஒன்றாவது, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியும் இருந்து, குறைந்தது 2 வாரங்கள் நீடித்து, அதனோடு தூக்கக் கேடு, பசி மாற்றம், களைப்பு, கவனச் சிதறல், அளவுக்கு மீறிய குற்றவுணர்வு போன்றவையும் சேர்ந்துகொண்டால், மருத்துவர்களாகிய நாங்கள் அதை நோயாகவே கருதுகிறோம். உங்களுக்கோ 14 மாதங்கள் கடந்துவிட்டன. விடியலுக்கு வெகுமுன்பே விழித்து, மீண்டும் உறங்க முடியாமல் படுத்துக் கிடப்பதும் இந்நோயில் அடிக்கடி காண்பதுதான்.

ஆயினும் ஒரு கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்வது முறையன்று. நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, வேறு நோய்க்காக உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவையும் இதே போன்ற சோர்வைத் தரக்கூடும் என்பதால், அவற்றையும் அவர் சோதித்துப் பார்ப்பார். சிகிச்சை, பேச்சுவழியாக இருக்கலாம், மாத்திரையாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மாத்திரை தொடங்கினால் அதன் பலன் தெரிய 2 முதல் 4 வாரங்களும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே தலைகாட்டிவிடும். இந்த இடைவெளியில்தான் பலர் மருந்தைக் கைவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். குணம் தெரிந்த பிறகும் வழக்கமாகக் குறைந்தது 6 மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

‘இருந்து என்ன பயன்’ என்ற வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கலாம். நான் அதைக் கடந்து போக மாட்டேன். இவ்வெண்ணம் மனச்சோர்வில் பலருக்கும் வருவது. வந்ததற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அதை மனைவியிடமும் மருத்துவரிடமும் இந்த வாரமே வாய்விட்டுச் சொல்லுங்கள். என்றைக்காவது அது வெறும் எண்ணமாக நில்லாமல், எப்படி, எப்போது என்று திட்டமாக உருவெடுக்கத் தொடங்கினால், அன்றைக்கே, அது நள்ளிரவானாலும், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், தனியாக இராதீர்கள், பட்டறைச் சாவியை வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆர்வம் வந்த பிறகு வேலை என்பதுதான் நலமாக இருப்பவர்களின் அனுபவம். மனச்சோர்வில் அந்த வரிசை வேலை செய்வதில்லை. செய்யப்போகும் ஒன்றிலிருந்து இன்பம் கிடைக்கும் என்று முன்கூட்டியே உணர்கிற திறனைத்தான் இந்நோய் முதலில் பறிக்கிறது. ஆகவே, ஆர்வத்துக்காகக் காத்திருப்பவர், நோய் எதைத் தடுத்து வைத்திருக்கிறதோ அதற்காகவே காத்திருக்கிறார். இன்னொன்றும் நடக்கிறது. பட்டறைக் கதவை நெருங்கும்போது ஒரு கனம் ஏறுகிறது. திரும்பி வந்துவிட்டால் அந்தக் கனம் உடனே இறங்குகிறது. இறங்கிய அந்தச் சிறு நிம்மதிதான் அடுத்த முறையும் திரும்பி வரச் சொல்லிக் கொடுக்கிறது. 14 மாதங்களில் இந்தப் பாடத்தை நூற்றுக்கணக்கான முறை படித்திருக்கிறீர்கள். நாளாக ஆக, உள்ளே நல்லது நடக்கும் வாய்ப்பே இல்லாமல் போய், சோர்வு தனக்குத் தானே தீனி போட்டுக்கொள்கிறது.

இந்தச் சுழலை அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஃபெர்ஸ்டர் 1973-இல் விளக்கி எழுதினார். அவரும் பின்வந்தவர்களும் சொன்னவற்றிலிருந்து வளர்ந்ததே, செயலைக் கொண்டு மனநிலையைத் தூக்கும் சிகிச்சை முறை. இங்கிலாந்தில் 440 பேரிடம் நடத்தி, 2016-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஓர் ஆய்வில், உளச்சிகிச்சையில் நீண்ட பயிற்சி இல்லாத இளநிலைப் பணியாளர்கள் இம்முறையைக் கையாண்டபோதும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவிக்கும், தேர்ந்த சிகிச்சையாளர்கள் அளித்த அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்கு இது பலனில் குறைந்துவிடவில்லை. உங்கள் மனைவி சொன்னதில் பாதி சரி என்று நான் சொல்வதும் இதனால்தான். உள்ளே போவது உதவும். போனவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்பது மட்டும் இல்லை. அப்படி எதிர்பார்த்துப் போனால், முதல் நாள் ஒன்றும் தோன்றாதபோது அதுவும் ஒரு தோல்வியாகச் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே உங்களுக்கு நான் தரும் முதல் வேலை மிகச் சிறியது. மோட்டாரைத் தொட வேண்டாம். பெட்டியை முடிக்கவும் வேண்டாம். அதன் மேல் இருக்கும் கிளாம்ப்புகளை மட்டும் கழற்றுங்கள்.

இதற்கு நாளும் நேரமும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வில் பலருக்குக் காலைப் பொழுது மோசமாகவும் மாலை சற்று இலகுவாகவும் இருக்கும். உங்களுக்கும் அப்படியென்றால் மாலை 5 மணி போதும். மனம் எப்படி இருந்தாலும் 5 மணிக்குக் கதவைத் திறப்பது, 10 நிமிடம் இருப்பது, 10 நிமிடம் ஆனதும் வெளியே வந்துவிடுவது. இன்னும் கொஞ்சம் செய்யலாம் என்று தோன்றினாலும் முதல் வாரத்தில் நிறுத்திவிடுங்கள். ஒரு நல்ல நாளில் மூன்று மணி நேரம் உழைத்துவிட்டு, அடுத்த நான்கு நாட்கள் எழ முடியாமல் படுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில், போவதற்கு முன்னும் வந்த பின்னும் மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் எழுதுங்கள். 2 என்று இருந்தது 3 ஆனால் அதுவும் செய்திதான். 2 என்பது 2 ஆகவே இருந்தால் அதையும் எழுதுங்கள். நினைவு இக்காலத்தில் கெட்டதை மட்டுமே சேர்த்து வைக்கும். எழுத்து அப்படிச் செய்யாது.

கிளாம்ப்பின் திருகு இறுகியிருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சிறிது நேரம் பொறுத்துத் திருப்பினால் பெரும்பாலும் இளகிவிடும். எடுத்த பிறகு, இரும்பு மரத்தைத் தொட்டிருந்த இடத்தில் கருநீலத்தில் ஒரு கறை தெரியலாம். அதைப் பார்த்து, பெட்டியே பாழாகிவிட்டது என்று மனம் சொல்லும், நம்பாதீர்கள். மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து, பசையின் ஈரத்தில் இரும்போடு சேர்ந்து உண்டாக்கிய நிறம் அது. துவர்ப்புள்ள மாசிக்காயும் இரும்பு உப்பான அன்னபேதியும் கலந்து முற்காலத்தில் எழுதும் மை காய்ச்சியது இதே வினையைக் கொண்டுதான். மேற்பரப்பை இழைப்புளியால் இரண்டு சீவு சீவினாலே பெரும்பாலும் போய்விடும். ஆழமாக இறங்கியிருந்தால் ஆக்சாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். அது நச்சு என்பதால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிறகு ஒரு நாள் நிதானமாகச் செய்துகொள்ளலாம். மூட்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். நன்றாக ஒட்டிய பசைக்கு 14 மாதங்கள் ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாம் வாரத்துக்கு ஒரே ஓர் உளி. இயந்திரத்தை விட்டுவிட்டு உளியை நான் சொல்வதற்குக் காரணம், செய்த வேலையின் பலனைக் கண்ணுக்கும் விரலுக்கும் உடனே காட்டுவதில் அதற்கு இணையான வேலை பட்டறையில் இல்லை என்பதுதான். உளியின் முனையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மழுங்கிய முனை, நூலிழை போன்ற ஒரு வெள்ளைக் கோடாக ஒளியைத் திருப்பி அடிக்கும். சாணைக்கல்லில் 25 முதல் 30 பாகைச் சாய்வில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தால், தட்டையான பின்பக்கத்தில் விரலைக் குறுக்காக வெளிநோக்கி நகர்த்தும்போது மெல்லிய பிசிர் ஒன்று தட்டுப்படும். விளிம்பு முழுவதும் அந்தப் பிசிர் எழுந்த பிறகு, பின்பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்துத் தேய்த்து அதை நீக்குங்கள். மறுபடியும் விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். அந்த வெள்ளைக் கோடு இருக்காது. நீங்கள் இதை ஆயிரம் முறை செய்தவர். நான் கற்றுத் தருவதாக எண்ண வேண்டாம். இந்த 10 நிமிடத்தில் தொடக்கமும் முடிவும் இருக்கின்றன, தோற்க இடம் மிகக் குறைவு, கையின் பழக்கம் மனத்தின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை என்பதை நினைவூட்டவே விரித்து எழுதினேன்.

மூன்று, நான்கு வாரங்கள் இப்படிக் கடந்த பிறகு இயந்திரங்களிடம் வரலாம். அவற்றை மொத்தமாகப் பார்க்கும்போது மலையாகத் தெரியும். உண்மையில் பழைய இயந்திரங்களில் கெடுபவை பெரும்பாலும் சிறிய, மாற்றக்கூடிய பாகங்களே. வீட்டு ஒற்றை பேஸ் மின்சாரத்தில் ஓடும் மோட்டார், உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றால், பெரும்பாலும் அதைச் சுழலத் தொடங்கவைக்கும் மின்தேக்கியான துவக்கக் கெப்பாசிட்டர் போயிருக்கும். அல்லது வேகம் கூடியதும் தானே விலகிக்கொள்ளும் உள் சுவிட்சின் முனைகளுக்கு இடையில் மரத்தூள் புகுந்து அடைத்திருக்கும். ஆண்டுக்கணக்கில் தூளோடு வாழ்ந்த மோட்டார்களுக்கு இது சாதாரணமாக வருவது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடும் பேரிங்கும் தடையின்றிக் கையால் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். இறுகியிருந்தால் காரணம் அங்கே. தாராளமாகச் சுற்றினால் மின்சாரப் பக்கம் கோளாறு. அதை மோட்டார் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். கெப்பாசிட்டர் மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடியது என்பதால், அறியாத கை அதில் படக் கூடாது. மோட்டாரை இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம் என்று உறுமவும் விடாதீர்கள். சுழலாத மோட்டாரின் சுருள்கள் விரைவில் சூடேறிக் கருகிவிடும்.

பேரிங் கரகரவென்று இரைந்தால், அதன் விளிம்பில் 6203 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். எந்த ஆண்டு, எந்த நாட்டில் செய்த இயந்திரமானாலும் 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர்தான். இயந்திரத்தைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டாலும் பேரிங் கிடைக்கும். மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் வி பெல்ட், நீண்ட காலம் ஒரே நிலையில் நின்றால், அந்த வளைவிலேயே விறைத்துப்போய், ஓடும்போது இயந்திரத்தையே குலுக்கும். என் துளையிடும் இயந்திரத்தின் அதிர்வுக்கு மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று எண்ணி நான் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். கடைசியில் பெல்ட் ஒன்றை மாற்றியதோடு அது தீர்ந்தது. பேண்ட் சாவின் பிளேடு இத்தனை மாதமும் இழுவிசையிலேயே இருந்திருந்தால் இப்போதே தளர்த்திவிடுங்கள். சக்கரத்தின் ரப்பரில் பள்ளமோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வார்ப்பிரும்பு மேசைகளின் துருவை மண்ணெண்ணெயும் மெல்லிய இரும்புக் கம்பளியும் கொண்டு தேய்த்தெடுத்து, துடைத்து உலர்த்திய பின் மெழுகு பூசுங்கள். சிலிக்கான் கலந்த மெழுகு, பின்னர் மரத்தில் வார்னிஷ் பிடிக்காமல் செய்யும் என்பதால் அதைத் தவிர்க்கவும். துரு நீக்குவது சோர்ந்த மனத்துக்கு உகந்த வேலை என்பது என் அனுபவம். யோசிக்க வேண்டியதில்லை, ஒரு சாண் இடம் தேய்த்தால் ஒரு சாண் பளபளக்கும்.

இவற்றை ஒரே மூச்சில் செய்யாமல் மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வெடித்த மின்கம்பியையும் எர்த் இணைப்பையும் மட்டும் முதலிலேயே சரிசெய்துவிடுங்கள். மின்சாரம் போய் மீண்டும் வரும்போது தானாக ஓடத் தொடங்காத பாதுகாப்புச் சுவிட்சையும் பொருத்தச் சொல்லுங்கள். பழைய இயந்திரங்கள் பலவற்றில் அது இருப்பதில்லை.

ஆனால் இயந்திரம் தயாராகிவிட்டது என்பதாலேயே நீங்களும் தயாராகிவிட்டீர்கள் என்று பொருளாகாது. இதில் நான் கண்டிப்பாகவே இருக்க விரும்புகிறேன். நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும் 250 மில்லிமீட்டர் பிளேடின் பல், விநாடிக்கு 50 மீட்டருக்கும் அதிகமாகப் பாய்கிறது. அதன் முன் நிற்பவருக்குத் தூக்கமும் கவனமும் முழுதாக வேண்டும். மூன்று மணிக்கு விழித்த நாட்களிலும், புதிய மாத்திரை தொடங்கிய அல்லது அளவு மாற்றிய வாரங்களிலும், மயக்கமோ கை நடுக்கமோ இருக்கும் வரையிலும், மது அருந்திய நாளிலும் சுழலும் பிளேடுக்கு அருகில் போகாதீர்கள். மருத்துவரிடம், நான் வெட்டும் இயந்திரங்களில் வேலை செய்பவன் என்று சொல்லுங்கள். உறக்கம் வருவிக்காத மருந்தைத் தேர்ந்தெடுக்க அது அவருக்கு உதவும். டேபிள் சாவின் மேல்மூடியோ, வெட்டிய பிளவு மூடிக்கொள்ளாதபடி பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடோ இல்லாமல், அவற்றைப் பொருத்தவும் வழியில்லை என்றால், அந்த ஓர் இயந்திரத்தை விட்டுவிடுவதே நல்லது. மரத்தூளைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. முகக்கவசம் அணியாமல் பழகியிருந்தால் அந்தப் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்றபடி, விற்பதா என்ற கேள்விக்கு இப்போது விடை தேட வேண்டாம். மனச்சோர்வின் கண்ணுக்கு எல்லாமே விலையற்றதாகவும் தேவையற்றதாகவும் தெரியும். தூக்கமும் பசியும் சீராகி மூன்று மாதங்கள் ஆன பிறகு யோசியுங்கள். அப்போது இந்த வயதில் கைக்கருவிகளே போதும் என்று தோன்றி விற்றால் அது நல்ல முடிவு. இன்று விற்றால் அது நோய் எடுத்த முடிவாக இருக்கும்.

இடையில் நாட்கள் தவறும். மூன்று நாள் போகாமல் இருந்துவிட்டால், விட்ட நாட்களை ஈடுசெய்ய முயலாமல், நான்காம் நாள் 5 மணிக்கு அதே 10 நிமிடம் போய் வாருங்கள். முன்பு ஒரு வாரத்தில் எத்தனை வேலை முடித்தேன் என்ற கணக்கையும் இப்போதைக்கு எடுக்க வேண்டாம். எலும்பு முறிந்து எழுந்தவர், பழைய நடையின் வேகத்தோடு இன்றைய நடையை ஒப்பிட்டு வருந்துவதில்லை.

உங்கள் மகள் கேட்பதை நிறுத்தியது பெட்டியை மறந்ததால் இருக்காது. கேட்டால் உங்களுக்கு வலிக்கும் என்று அஞ்சியிருக்கலாம். ‘எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, அதனால்தான் பெட்டி நின்றுபோனது’ என்று அவரிடம் நீங்களே சொல்லுங்கள். நீளமான கிளாம்ப்பைக் கழற்றும்போது மறுமுனையைத் தாங்க ஒரு கை வேண்டும்; குறித்த நாளன்று மாலை 5 மணிக்கு அவரை வரச் சொல்லுங்கள். கழற்றிய கிளாம்ப்புகளின் துருவைத் துணியால் துடைத்து, திருகுகளில் எண்ணெய் தடவி, அவற்றுக்குரிய ஆணியில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். பூட்ட வேண்டாம், மறுநாளும் போக வேண்டியிருக்கிறது. ஆறு வாரம் கழித்து உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எனக்கு எழுதுங்கள். மருத்துவரைப் பார்த்தீர்களா என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.